கார் சக்கரத்துக்கு அழகு மட்டும் போதுமா?

கார் வாங்கியதும் வாலிபர்கள் முதலில் மாற்றுவது எதை?

சக்கரத்தை!

கம்பெனி கொடுத்த சக்கரம் அவர்கள் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. கடைக்குப் போகிறார்கள். பளபளவென்று மின்னும் "அலாய்" சக்கரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கறுப்பு நிறம், வெள்ளி நிறம், நட்சத்திர வடிவம், பூ வடிவம்! விலை பேசுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு சக்கரங்களும் மாறிவிடுகின்றன. கார் ஸ்போர்ட்ஸ் கார் போல நிற்கிறது.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

"இந்தச் சக்கரத்தின் ஆப்செட் என்ன?" என்பதே அந்தக் கேள்வி.

சக்கரத்தை மாற்றுவது குற்றமல்ல. ஆசைப்படுவதும் தவறல்ல. அளவு தெரியாமல் மாற்றுவதுதான் தவறு. அது பணத்தைத் தின்னும். சில நேரம் ஆளையும் தின்னும்.

எல்லை ஊரின் ஆசை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது வேப்பனப்பள்ளி. அருகிலேயே கர்நாடக எல்லை. ஆந்திராவின் குப்பமும் பக்கம்தான். கடைத்தெருவில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். சுற்றிலும் மாந்தோப்புகள்.

முன்பு இங்கே வண்டி என்றால் மாட்டு வண்டி. இன்று நிலைமை வேறு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. 1980ஆம் ஆண்டில் ஓசூரில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை வந்தது. டி.வி.எஸ். மொபெட்டும் அதே ஆண்டில் அதே ஊரிலிருந்து வெளிவந்தது. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021இல் தொடங்கியது.

சுற்று வட்டார வாலிபர்கள் இந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கையில் மாதச் சம்பளம் இருக்கிறது. பெங்களூரும் தொலைவில் இல்லை. அங்கே பழைய கார்கள் நிறைய விற்பனைக்குக் கிடைக்கின்றன. வேகமாக ஓடும் சின்னக் கார் ஒன்றை வாங்குவதும், அதை ஸ்போர்ட்ஸ் கார் போல மாற்றுவதும் பலருடைய ஆசை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

ஆலைக்குள் இந்த வாலிபர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும் அளந்து பார்க்கிறார்கள். ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். வேலையில் அவ்வளவு கண்டிப்பு!

அதே வாலிபர் மாலையில் சக்கரக் கடைக்குப் போகிறார். அங்கே 15 மில்லி மீட்டர் வித்தியாசத்தைக் கூட அவர் கேட்பதில்லை!

கடிகாரத்துக்கும் லாரிக்கும் பாகம் செய்யும் ஊர்க்காரர்கள், தம் பெண்டாட்டி பிள்ளைகள் ஏறும் காருக்கு அளவு பார்க்க வேண்டாமா?

ஆப்செட் என்றால் என்ன?

"ஆப்செட்" என்றதும் பலருக்கு அச்சகம் நினைவுக்கு வரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆப்செட் வேறு. சக்கரத்தின் ஆப்செட் வேறு.

அது மிக எளிய விஷயம். ஒரு பெரிய தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியையும் அடியையும் வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வளையம். அந்த வளையத்துக்குள் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினால் அதுதான் சக்கரம். வளையத்தின் மேல் டயர் ஏறுகிறது. தகட்டைக் காரில் வைத்து போல்ட்டு போட்டு முடுக்குகிறார்கள்.

இப்போது கேள்வி: தகட்டை வளையத்துக்குள் எந்த இடத்தில் பொருத்துவது?

சரியாக நடுவில் பொருத்தினால் ஆப்செட் பூஜ்யம்.

தெருவைப் பார்த்த பக்கமாகத் தள்ளிப் பொருத்தினால் ஆப்செட் "பிளஸ்". அப்போது சக்கரம் காருக்குள் அடங்கி நிற்கும்.

காரைப் பார்த்த பக்கமாகத் தள்ளிப் பொருத்தினால் ஆப்செட் "மைனஸ்". அப்போது சக்கரம் வெளியே பிதுங்கி நிற்கும்.

நடுவிலிருந்து தகடு எத்தனை மில்லி மீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுவே ஆப்செட் எண். இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் அது பிளஸ்தான். சக்கரத்தின் பின்புறம் "இ.டி. 40", "இ.டி. 45" என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். அந்த "இ.டி." என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அர்த்தம் ஆப்செட்தான்.

எண் சிறியதாக ஆக, சக்கரம் வெளியே வரும். எண் பெரியதாக ஆக, சக்கரம் உள்ளே போகும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்.

ஒரு கணக்கு

ஒரு காரின் பழைய சக்கரம் 6 அங்குல அகலம் என்றும், அதன் ஆப்செட் 40 என்றும் வைத்துக்கொள்வோம். புதிதாக 7 அங்குலச் சக்கரம் போட ஆசை. அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லி மீட்டர் கூடுகிறது. அதில் பாதி 12.7.

கடையில் 7 அங்குலச் சக்கரம் மூன்று வகை இருக்கிறது. மூன்றும் வடிவத்தில் ஒன்றே. ஆப்செட் மட்டும் வேறு.

முதல் சக்கரம் ஆப்செட் 40. இதைப் போட்டால் வெளிப்பக்கம் 12.7 மில்லி மீட்டர் பிதுங்கும். உள்பக்கமும் அதே 12.7 நெருங்கும்.

இரண்டாவது சக்கரம் ஆப்செட் 25. இதைப் போட்டால் வெளிப்பக்கம் 27.7 மில்லி மீட்டர் பிதுங்கும். ஒரு விரற்கடையை விட அதிகம்! உள்பக்கம் 2.3 மில்லி மீட்டர் விலகும்.

மூன்றாவது சக்கரம் ஆப்செட் 45. இதைப் போட்டால் வெளிப்பக்கம் 7.7 தான் பிதுங்கும். ஆனால் உள்பக்கம் 17.7 மில்லி மீட்டர் நெருங்கும். அங்கே ஷாக் அப்சார்பர் இருக்கிறது. பிரேக் குழாய் இருக்கிறது. அவற்றில் சக்கரமோ டயரோ உரசலாம்.

கடையில் தொங்கும்போது மூன்றும் அண்ணன் தம்பிகள் போல ஒரே மாதிரிதான் தெரியும். காரில் போட்ட பிறகுதான் குணம் தெரியும்!

கடையில் நடப்பது

பல கடைகளில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"அண்ணே, டயர் கொஞ்சம் வெளியே வந்த மாதிரி நிக்கணும். பார்க்க கெத்தா இருக்கணும்."

"போட்டுடலாம் தம்பி. சூப்பரா நிக்கும்."

"உரசாதே?"

"அதெல்லாம் உரசாது. உரசினா ஸ்பேசர் போட்டுக்கலாம்."

பேச்சு முடிந்தது! எண் என்ன என்று தம்பியும் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

ஸ்பேசர் என்பது என்ன? காருக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் ஒரு தகடு. 10 மில்லி மீட்டர் ஸ்பேசர் வைத்தால், ஆப்செட் 40 உள்ள சக்கரம் ஆப்செட் 30 உள்ள சக்கரம் போல நிற்கும். உள்ளே உரசுவது நிற்கலாம். ஆனால் சக்கரம் வெளியே வந்துவிடுகிறது. போதாததற்கு, போல்ட்டின் மரை முன்பு போல ஆழமாகப் பிடிப்பதில்லை. நீளமான போல்ட்டு போடாமல் ஸ்பேசர் மட்டும் வைப்பது ஆபத்து.

வெளியே வந்தால் என்ன கெடும்?

ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் அரை மைல் நடப்பாள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியுமா? தோள்பட்டை கழன்றுவிடும். குடத்தின் எடை கூடவில்லை. எடை இருக்கும் இடம்தான் தள்ளிப் போயிற்று.

காரிலும் அதுதான் நடக்கிறது. சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் மீது விழும் பாரம் கூடுகிறது. பல வருஷம் உழைக்க வேண்டிய பேரிங் சீக்கிரமே "ஊ" என்று சத்தம் போடத் தொடங்குகிறது. பேரிங் போனால் செலவு. கவனிக்காமல் ஓட்டினால் அதைவிடப் பெரிய ஆபத்து.

அடுத்தது டயர். வளைவில் திரும்பும்போது பிதுங்கிய டயர் மட்கார்டு ஓரத்தில் உரசும். கடையில் பரிசோதிக்கும்போது காரில் ஒருவர்தான் இருப்பார். அப்போது உரசாது. குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும்போது ஐந்து பேர் ஏறுவார்கள். பின்னால் மூட்டை முடிச்சு வேறு. கார் தாழும். அப்போது உரசும். டயரின் பக்கவாட்டுச் சுவர் மெல்லியது. தகரத்தின் விளிம்பு அதைக் கத்தி போலச் சீவிவிடும்.

மூன்றாவது, பிறருக்கு வரும் தொல்லை. மட்கார்டு என்பது சக்கரத்தை மூடுவதற்காகவே வைக்கப்பட்டது. டயர் வெளியே நின்றால் சேற்றையும் கல்லையும் வாரி வீசும். பின்னால் மொபெட்டில் வரும் ஆள் என்ன பாவம் செய்தார்?

பிரேக் போடும்போது

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது ஸ்டீரிங்.

முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போல, சக்கரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோடு சாலையைத் தொடும் இடம் ஒன்று. டயரின் நடுப்பகுதி சாலையைத் தொடும் இடம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதைக் காரை வடிவமைத்த இன்ஜினீயர்கள் மில்லி மீட்டர் கணக்கில் முடிவு செய்கிறார்கள்.

ஆப்செட்டை மாற்றினால் அந்தத் தூரம் மாறிவிடுகிறது.

அதனால் என்ன? வேப்பனப்பள்ளி பக்கத்துச் சின்னச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். எதிரே பஸ் வந்தால் கார் என்ன செய்யும்? ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கும். மறு பக்கச் சக்கரங்கள் தார் ரோட்டில் நிற்கும். அந்த நேரத்தில் திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால்? தார் ரோட்டில் உள்ள சக்கரம் நன்றாகப் பிடிக்கும். மண்ணில் உள்ள சக்கரம் வழுக்கும். நல்ல அளவுள்ள காரில் ஸ்டீரிங் கைக்கு அடங்கும். சக்கரம் மிகவும் வெளியே தள்ளி நிற்கும் காரிலோ ஸ்டீரிங் கையைப் பிடித்து இழுக்கும். கார் பஸ் இருக்கும் பக்கமாகவே திரும்பப் பார்க்கும்!

தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்திலும், பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவிலும் ஸ்டீரிங் கையை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பந்தயக் கார்களைப் பாருங்கள்!

"பந்தயக் கார்களில் சக்கரம் அகலமாகத்தானே இருக்கிறது? அவர்கள் வேகமாக ஓட்டவில்லையா?" என்று வாலிபர்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பந்தயக் கார்களை நன்றாக அறிந்த நாடு தமிழ்நாடு. சோழவரத்தில் விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலம் உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் வந்தது. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களைச் செய்தார். அந்த வகைக் காரில் பந்தயத்தைத் தொடங்கிய கோவை வீரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

சக்கரத்தை அகலமாக நிறுத்தினால் வளைவில் கார் சாய்வது குறையும் என்பதும் உண்மையே.

ஆனால் பந்தயக் கார்க்காரர்கள் சக்கரத்தை மட்டும் மாற்றுவதில்லை. சக்கரத்துக்கு ஏற்ப ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். சக்கரத்தின் கோணத்தை மாற்றுகிறார்கள். அடிக்கடி கழற்றிப் பரிசோதிக்கிறார்கள். பேரிங் போய்விடும் முன்பே புதிது போடுகிறார்கள். அங்கே அளவு பார்க்காத சக்கரம் ஒன்று கூடக் கிடையாது!

அலாய் சக்கரம் பிறந்த கதையும் அதுதான். பிரான்சு நாட்டில் புகாட்டி கம்பெனி 1924இல் "டைப் 35" என்ற பந்தயக் காரை வெளியிட்டது. அதில் அலுமினியச் சக்கரம் போட்டார்கள். எதற்காக? சக்கரத்தின் எடையைக் குறைக்கவும் பிரேக்கின் சூட்டைத் தணிக்கவும்தான். வேலைக்காக வந்த பொருள் அது. அழகு பிறகு வந்து சேர்ந்தது.

இன்று போர்ஷே 911 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் சக்கரத்தின் அகலமும் ஆப்செட்டும் ஒரு மாதிரி. பின் சக்கரத்துக்கு வேறு மாதிரி. ஒரே காரில் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. கார் எவ்வளவு வேகமோ, அவ்வளவு கண்டிப்பு அளவில்!

பந்தயக் காரைப் பார்த்து அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் ஒழுங்கையும் எடுத்துக்கொண்டால் அல்லவா நல்லது?

மற்ற அளவுகள்

ஆப்செட் தவிர இன்னும் சில அளவுகளும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளலாம்.

போல்ட்டு வட்டம்: இதைக் கடையில் "பி.சி.டி." என்பார்கள். மாருதி ஸ்விப்டு காரில் 4 போல்ட்டு. அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லி மீட்டர். போக்ஸ்வாகன் போலோவில் 5 போல்ட்டு; 100 மில்லி மீட்டர். பியட் புன்டோவில் 4 போல்ட்டு. 98 மில்லி மீட்டர். இரண்டு மில்லி மீட்டர்தானே என்று 100ஐ 98இல் திணிக்கக் கூடாது. போல்ட்டு கோணலாக இறங்கும். ஓடும்போது தளர்ந்துவிடும்.

நடுத் துளை: காரின் ஹப் நுழையும் ஓட்டை இது. ஸ்விப்டில் 54.1 மில்லி மீட்டர். போலோவில் 57.1. கடைச் சக்கரத்தின் ஓட்டை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் சரியாக நடுவில் உட்காராது. வேகம் போகும்போது ஸ்டீரிங் நடுங்கும்.

போல்ட்டின் தலை: சில காரில் போல்ட்டு உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும். சிலவற்றில் கூம்பு போல இருக்கும். ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது.

டயரின் உயரம்: 185/65 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மில்லி மீட்டர். 195/55 ஆர் 16 டயரின் விட்டமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே ஒன்றுக்கு ஒன்று சரி. ஆனால் 195/65 ஆர் 16 போட்டால் விட்டம் 660 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது கார் உண்மையில் 85இல் ஓடிக்கொண்டிருக்கும்!

பாரம் தாங்கும் எடை: சக்கரத்தின் பின்புறம் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும். தரமான சக்கரத்தில் நம் நாட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். ஜப்பான் நாட்டுத் தர முத்திரையான "ஜே.டபிள்யூ.எல்." என்பதும் சிலவற்றில் இருக்கும். எந்த எழுத்தும் இல்லாத மொட்டைச் சக்கரம் மலிவாகக் கிடைக்கலாம். அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

வீட்டிலேயே அளக்கலாம்

பழைய சக்கரத்தில் ஆப்செட் எண் அழிந்து போயிருந்தால்? கவலை வேண்டாம். டயர் கழற்றிய சக்கரத்தை முகம் கீழே இருக்கும்படி தரையில் படுக்க வையுங்கள். அதன் மேல் விளிம்பில் ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வையுங்கள். கட்டையிலிருந்து, காரில் ஒட்டும் தகடு வரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அது 129 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு சக்கரத்தின் முழு அகலத்தை விளிம்புக்கு விளிம்பு அளவெடுங்கள். 6 அங்குலச் சக்கரத்தில் அது ஏறக்குறைய 178 மில்லி மீட்டர் இருக்கும். அதில் பாதி 89.

129இல் 89 போனால் 40. ஆப்செட் 40! பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடப் போடக்கூடிய கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியைக் கண்டபடி மாற்றக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதற்காகவே உள்ளது. தயாரித்த கம்பெனி சொன்ன அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம் தண்டனையும் விதித்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

எல்லை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மூன்று மாநிலப் போலீசாரும் பார்க்கும் சாலைகளில் அவர்கள் கார் ஓடுகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சக்கரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரே மாடல் காரைக் கம்பெனியே இரண்டு மூன்று சக்கர அளவுகளில் விற்கிறது. உதாரணமாக, ஸ்விப்டு 14 அங்குலச் சக்கரத்தோடும் வந்திருக்கிறது. 15 அங்குல அலாய் சக்கரத்தோடும் வந்திருக்கிறது. உங்கள் காரின் உயர்ந்த வகைக்குக் கம்பெனி என்ன சக்கரம் கொடுக்கிறது என்று கேட்டு, அந்த அளவிலேயே வாங்கலாம். அழகும் கிடைக்கும். அளவும் கெடாது.

வேறு சக்கரம்தான் வேண்டும் என்றால், ஆப்செட் பழைய எண்ணுக்கு 5 மில்லி மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பொதுவாகப் பாதுகாப்பானது. அகலத்தையும் கூட்டினால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு ஐந்து பேரை உட்கார வைத்து, ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். 100 கிலோ மீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் முடுக்க வேண்டும்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது

பழி முழுவதையும் வாலிபர்கள் தலையில் போடுவது நியாயமல்ல. விற்பவருக்கும் பொறுப்பு உண்டு.

மருந்துக் கடையில் மருந்தின் பெயரும் தேதியும் இல்லாமல் மாத்திரை கொடுக்கலாமா? துணிக்கடையில் எத்தனை மீட்டர் என்று சொல்லாமல் துணி கிழிக்கலாமா? அப்படியானால் சக்கரக் கடையில் மட்டும் அளவு சொல்லாமல் விற்பது எப்படிச் சரியாகும்?

ஒவ்வொரு சக்கரத்தின் விலைச் சீட்டிலும் அகலம், ஆப்செட், போல்ட்டு வட்டம், நடுத் துளை, பாரம் தாங்கும் எடை ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். பில்லிலும் எழுதித் தர வேண்டும். "இந்தக் காருக்கு இந்தச் சக்கரம்" என்று காரின் மாடலையும் பில்லில் குறிக்க வேண்டும். அதற்கு ஒரு பேனாவும் ஐந்து நிமிஷமும் போதும். நாணயமான கடைக்காரருக்கு அதனால் வியாபாரம் கூடுமே தவிரக் குறையாது.

பில்லில் எழுத மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் காருக்குச் சக்கரம் வாங்கப் போகிறான் என்றால், "எவ்வளவு விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பழைய சக்கரத்தின் எண் என்ன, புதியதின் எண் என்ன?" என்றும் கேளுங்கள். அவனுக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரட்டும். ஒரு நாள் தாமதமானால் குடி முழுகிவிடாது.

மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில் சந்தைக்குப் புறப்படும் முன் பெரியவர்கள் அச்சாணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வண்டி எவ்வளவு அழகாக வர்ணம் பூசியிருந்தாலும், அச்சாணி சரியில்லை என்றால் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். அந்த அச்சாணி சுண்டு விரல் அளவுதான்.

இன்றைய காரின் ஆப்செட்டும் அப்படித்தான். சின்ன எண். சக்கரத்தின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்!